மனசுக்கு வயசாகவில்லை, பென்ஷன் வந்துவிட்டது: பிஎஃப் ஓய்வூதியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் பம்ப்செட் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கூட வேலை பார்த்தவர்களுக்குப் பென்ஷன் படிவம் நிரப்பிக் கொடுப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அங்கே திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. பாதி பணத்தைப் பற்றியவை. மீதியும் பணத்தைப் பற்றித்தான் தொடங்கும், ஆனால் கேட்பவரின் முகத்தைப் பார்த்தால் விஷயம் வேறு என்று தெரிந்துவிடும். இங்கே சொல்வதெல்லாம் பிஎஃப் பிடித்த தனியார் வேலைக்காரர்களுக்கானது, அதாவது 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். அரசு ஊழியர்களின் விதிகள் வேறு.

எனக்கு 58 ஆகிவிட்டது என்று நம்பவே முடியவில்லை. பென்ஷன் வாங்குகிற வயசா இது?

உங்களுக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. நாற்பதைத் தாண்டியவர்கள் சராசரியாகத் தங்கள் வயதில் 20 சதவீதம் குறைவாகவே உணர்கிறார்கள் என்று டென்மார்க்கில் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு சொல்கிறது. அந்தக் கணக்குப்படி 58 வயதுக்காரருக்கு உள்ளே 46 நடக்கிறது. நான் படிவம் நிரப்பிக் கொடுத்தவர்களில் பலர் இன்னும் குறைத்துச் சொல்வார்கள்.

வயதை எங்கே வெட்டுவது என்பதில் சட்டங்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. பிஎஃப் பென்ஷனுக்கு 58. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் நலச் சட்டம் (2007) மூத்த குடிமகன் என்று ஏற்றுக்கொள்வது 60-இல். ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் வருமான வரம்பு பார்க்காமல் மருத்துவக் காப்பீடு கிடைப்பது 70-இல். ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1889-இல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது வயது 70. அதை 65 ஆக இறக்கியது 1916-இல். ஆக 58 என்பது நிர்வாக வசதிக்காக யாரோ போட்ட கோடு. பென்ஷன் வாங்கியும் சட்டப்படி நீங்கள் இன்னும் இரண்டு வருடத்துக்கு மூத்த குடிமகன் கிடையாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் முதலாளி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் மாதாமாதம் பென்ஷன் நிதிக்குப் போனது. அது உங்கள் உழைப்புக்கு வர வேண்டிய பணம். அங்கே போய்ச் சேர்ந்து காத்திருந்தது. அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்படுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

என் நிஜ வயது 56-தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் இரண்டு வயது கூட்டிப் போட்டுவிட்டார். என்ன செய்வது?

நம் தலைமுறையில் பலருக்கு ஜூன் மாதத்தில் பிறந்தநாள் வருவதன் ரகசியம் இதுதான். பள்ளிக்கூடம் திறக்கும் நாளில் அப்பா விரலைப் பிடித்துப் போய் நின்றோம், வாத்தியார் ஒரு தேதியைப் போட்டார். ஐப்பசி மழையில் பிறந்ததாக அம்மா சொன்னதெல்லாம் பதிவேட்டில் ஏறவில்லை.

பிஎஃப் அலுவலகம் ஆவணத்தைத்தான் பார்க்கும். பிறப்புச் சான்றிதழோ மதிப்பெண் சான்றிதழோ வேறு தேதி காட்டினால், நீங்களும் கம்பெனியும் சேர்ந்து கூட்டு உறுதிமொழி கொடுத்துத் திருத்தலாம். எல்லா ஆவணமும் வாத்தியார் போட்ட தேதியையே சொன்னால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். அவர் இரண்டு வருடம் முன்னதாகவே பென்ஷன் வாங்க வழி செய்திருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் தெம்பு இருக்கிறது, வேலையிலும் தொடர்கிறேன். 60 வரை தள்ளிப்போடலாமா?

வேலையில் தொடர்வது பென்ஷனுக்குத் தடையே இல்லை. 58 முடிந்ததும் பென்ஷன் திட்டத்தில் உங்கள் உறுப்பினர் காலம் முடிகிறது. அதன்பின் முதலாளியின் 12 சதவீதமும் முழுசாகப் பிஎஃப் கணக்குக்கே போகும். சம்பளம் ஒரு பக்கம், பென்ஷன் ஒரு பக்கம் வாங்கலாம்.

தள்ளிப்போட்டால் ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 4 சதவீதம் கூடும், அதிகபட்சம் 60 வரை. கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 5,000 ரூபாய் வர வேண்டியவர், நிதிக்கு மேற்கொண்டு எதுவும் கட்டாமல் இரண்டு வருடம் தள்ளிப்போடுகிறார். விட்டுக்கொடுப்பது 1,20,000. 60-இல் அவருக்கு வருவது 5,408, அதாவது மாதம் 408 கூடுதல். விட்டதைப் பிடிக்க 294 மாதம், இருபத்து நாலரை வருடம். எண்பத்து நான்கரை வயதில்தான் கணக்கு நேராகும்.

அந்த இரண்டு வருடமும் நிதிக்குப் பணம் போகட்டும் என்று தேர்ந்தெடுத்தால் அந்தப் பணிக்காலமும் கணக்கில் சேரும், நிலைமை கொஞ்சம் மேல். 15,000 ரூபாய்ச் சம்பள வரம்பில் (அதைக் கீழே சொல்கிறேன்) இருப்பவருக்கு மாதம் 870 ரூபாய் போலக் கூடும். ஆனால் மாதம் 1,250 வீதம் 30,000 ரூபாய் பிஎஃப்-புக்குப் போகாமல் இங்கே போகும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் 74 வயது வாக்கில் ஈடாகும்.

தெம்பு இருக்கிறது என்பதற்காகத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். தெம்பு இருக்கும்போது கையில் வரும் ஐயாயிரத்துக்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. 58-இலேயே வாங்குங்கள்.

வேலையை விட்டுவிட்டவர்கள் 50 வயதிலிருந்தே குறைந்த பென்ஷன் வாங்கலாம். 58-க்கு எத்தனை வருடம் குறைகிறதோ அத்தனைக்கும் வருடத்துக்கு 4 சதவீதம் வெட்டு. வேறு வருமானம் இல்லாதவர்கள் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

எவ்வளவு வரும்?

இதைச் சொல்லும்போதுதான் எதிரே இருப்பவரின் முகம் வாடும்.

கணக்கு இதுதான்: பென்ஷனுக்குரிய சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளம் என்பது கடைசி 60 மாதச் சராசரி. நீங்கள் 40,000 வாங்கியிருந்தாலும் 2014 செப்டம்பர் 1 முதல் வரம்பு 15,000. அதற்கு முந்தைய பணிக்காலத்துக்கு 6,500. குறைந்தது 10 ஆண்டு பணி வேண்டும். 20 ஆண்டு முடித்தவர்களுக்கு 2 ஆண்டு போனஸாகச் சேரும்.

1995 நவம்பரில் திட்டம் வந்த நாள் முதல் கட்டி 2024-இல் ஓய்வு பெற்றவரை எடுத்துக்கொள்வோம். முதல் 19 ஆண்டுக்கு 6,500 வரம்பில் 1,764 ரூபாய். அடுத்த 10 ஆண்டுக்கு 15,000 வரம்பில் 2,143. போனஸ் ஆண்டுகளையும் கூட்டினால் நாலாயிரத்துக்குச் சற்று மேலே நிற்கும். ஏறக்குறைய முப்பது வருட உழைப்புக்கு இவ்வளவுதான். பஞ்சப்படியும் கிடையாது, விலைவாசி ஏறினாலும் இது ஏறாது. குறைந்தபட்சப் பென்ஷன் 1,000 ரூபாய் என்று 2014-இல் வைத்தார்கள். ஒரு மாதத்து மாத்திரைக்கே அது பத்தாது. பென்ஷன்தாரர் சங்கங்கள் தொடர்ந்து போராடுவதில் முழு நியாயம் இருக்கிறது.

ஆகவே, "பென்ஷன் வந்துடுச்சு, இனி நிம்மதி" என்று பக்கத்து வீட்டில் யாராவது சொன்னால், இந்தத் தொகையைச் சொல்லத் தயங்காதீர்கள். நம்மில் பலருக்கு இன்னும் பத்து வருடம் வேலை பார்க்கத் தோன்றுவது ஆசையால் மட்டும் அல்ல.

முழுச் சம்பளத்துக்கும் அதிகப் பென்ஷன் தருகிறார்களாமே?

2022 நவம்பர் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை ஒட்டிய விஷயம். அதற்காக நீங்களும் கம்பெனியும் சேர்ந்து விருப்பம் தெரிவிக்கும் கெடு 2023 ஜூலை 11-இல் முடிந்துவிட்டது. அப்போது கொடுத்தவர்கள் மட்டும் தொடர்ந்து விசாரியுங்கள்.

படிவத்துக்கு மனைவியோடு சேர்ந்து போட்டோ எடுக்கச் சொல்கிறார்கள். எதற்கு?

உங்களுக்குப் பிறகு பென்ஷன் அவருக்குப் போக வேண்டும், அதற்கு அடையாளம் வேண்டும் என்பதற்காக. பென்ஷனுக்கான படிவம் 10டி-யில் தம்பதி புகைப்படம் கேட்பார்கள்.

காந்திபுரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்கு நண்பர் ஒருவரையும் அவர் மனைவியையும் கூட்டிப் போயிருந்தேன். ஃபவுண்டரியில் மோல்டராக இருந்தவர். வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டு, மீசைக்கு மை பூசி வந்திருந்தார். அந்த அம்மா முகூர்த்தப் பட்டு கட்டியிருந்தார். போட்டோக்காரப் பையன், "இன்னும் கொஞ்சம் ஒட்டி நில்லுங்க, தோள் தொடணும்" என்றான். அந்த அம்மா நகரவே இல்லை. "கல்யாணத்துல எடுத்ததுக்கு அப்புறம் நாங்க ரெண்டு பேரு மட்டும் நின்னு எடுத்ததே இல்லைங்க தம்பி. எப்பவும் குழந்தைங்க நடுவுல இருக்கும்" என்றார். நண்பர் ஒன்றும் சொல்லாமல் தானே ஒரு அடி நகர்ந்து நின்றார். படிவத்துக்கு வேண்டிய பிரதிகளோடு பெரிய அளவில் ஒன்று போடச் சொல்லித் தனியாகக் காசு கொடுத்தார்.

நீங்களும் அவசரத்தில் போய் எடுக்காதீர்கள். நன்றாக உடுத்திக்கொண்டு போங்கள்.

விண்ணப்பம் எங்கே மாட்டிக்கொள்ளும்?

பெரும்பாலும் இனிஷியலில். ஆதாரில் "முருகன் எஸ்", பிஎஃப் கணக்கில் "எஸ். முருகன்", வங்கியில் அப்பா பெயரை முழுசாக விரித்து "சுப்பிரமணியம் முருகன்". மூவரும் ஒருவரே என்பது ஊருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஓய்வுக்கு ஒரு வருடம் முன்னாலேயே யூஏஎன் (பிஎஃப் உறுப்பினருக்கான ஒரே நிரந்தர எண்) கணக்கைத் திறந்து, பெயர், பிறந்த தேதி, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

அடுத்தது வேலையை விட்ட தேதி. கம்பெனி அதைப் பதிவு செய்யாமல் விட்டால் கோரிக்கை நகராது. வேலையை விட்டு இரண்டு மாதம் ஆனபின் நீங்களே இணையத்தில் அதைப் பதிவு செய்ய முடியும். மூன்றாவது, பழைய கம்பெனிகளின் கணக்கை இப்போதைய யூஏஎன்-னோடு சேர்க்காமல் விடுவது. அங்கே உழைத்த ஆண்டுகள் அப்படியே தொலைந்துபோகும்.

என் பென்ஷனை மகன் கணக்கில் போடச் சொல்லலாமா? எனக்கு பேங்க் வேலையெல்லாம் தெரியாது.

ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த அக்கா ஒருவர் கேட்டது. வேண்டாம், அக்கா. பென்ஷன் உங்கள் பெயரில் உள்ள கணக்கில்தான் வரும், வரவும் வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து நாட்டில் எந்த வங்கியின் எந்தக் கிளையிலும் வாங்கலாம். மகள் வீட்டோடு வேறு ஊருக்குப் போனாலும் பிபிஓ எனப்படும் பென்ஷன் ஆணையை மாற்ற அலைய வேண்டியதில்லை. மாதக் கடைசி வேலைநாளுக்குள் பணம் ஏறிவிடும். மார்ச் மாதத்துப் பென்ஷன் மட்டும் ஏப்ரலில் வரும், பயப்படாதீர்கள். ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் உங்களிடமே இருக்கட்டும். முப்பது வருடம் ஷிப்ட் பார்த்த கைக்கு நாலு எண்ணை அழுத்தக் கற்றுக்கொள்வது பெரிய காரியமா என்ன?

வருடா வருடம் உயிரோடு இருப்பதாக நிரூபிக்க வேண்டுமாமே? அதைக் கேட்டாலே ஒரு மாதிரி இருக்கிறது.

"உயிர்வாழ் சான்றிதழ்" என்ற அந்தக் காகிதத்தின் தலைப்பு யாரையும் கொஞ்சம் உலுக்கத்தான் செய்யும். நேற்றுவரை ஓவர்டைம் பார்த்தவரிடம் வந்து கேட்டால் எப்படி இருக்கும்? ஆனால் ஏமாற்றிப் பணம் எடுக்காமல் இருக்க இது தேவைப்படுகிறது.

ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்று 2014-இல் வந்தது. பிஎஃப் பென்ஷன்காரர்கள் அரசு ஓய்வூதியர்களைப் போல நவம்பருக்காகக் காத்திருக்க வேண்டாம். எந்த மாதம் கொடுத்தாலும் அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குச் செல்லும். வங்கி, தபால் நிலையம், பிஎஃப் அலுவலகம், பொதுச் சேவை மையம் எங்கும் கொடுக்கலாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொடுக்கும் வசதியும் இருக்கிறது.

கோவையில் இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. லேத்திலும் ஃபவுண்டரியிலும் இருந்தவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும். கருவியில் கட்டைவிரலை வைப்பார், சிவப்பு விளக்கு எரியும். துடைத்துவிட்டு மறுபடி வைப்பார், மறுபடியும் சிவப்பு. மற்ற விரல்களையும் வைத்துப் பார்ப்பார்கள். எதுவும் எடுபடாமல் மனுஷர் தலைகுனிந்து எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். வெட்கப்பட வேண்டியது அவர் இல்லை. இப்போது ஸ்மார்ட்போன் கேமராவில் முகத்தைக் காட்டியே சான்று எடுக்கலாம். நல்ல வெளிச்சத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றி, கேட்கும்போது கண்ணைச் சிமிட்டினால் போதும்.

சான்று கொடுக்கத் தவறினால் பென்ஷன் நின்றுபோகும். கொடுத்தபின் நிலுவையோடு வந்துவிடும்.

பிஎஃப், கிராஜுவிட்டி எல்லாம் மொத்தமாக வருகிறது. உறவுக்காரர்கள் இப்போதே கேட்கிறார்கள்.

கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடை என்பது கடைசிச் சம்பளத்தில் (முக்கியமாக அடிப்படையும் பஞ்சப்படியும்) வருடத்துக்கு 15 நாள், மாதத்தை 26 நாளாக எடுத்து. 26,000 ரூபாய் வாங்கி 20 ஆண்டு இருந்தவருக்கு 3 லட்சம். 30 நாளுக்குள் கம்பெனி தர வேண்டும்.

பிஎஃப் பணத்தை உடனே எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 58-இல் ஓய்வு பெற்றவருக்கு மேலும் மூன்று ஆண்டு வட்டி ஓடும். ஓய்வுக்குப் பின் வரும் வட்டிக்கு மட்டும் வரி உண்டு. எடுத்தால், தபால் நிலையத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். பெயரைக் கேட்டு ஒதுங்காதீர்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் 55 வயதிலிருந்தே, பணம் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் சேரலாம். உச்சவரம்பு 30 லட்சம். 2023 ஏப்ரலிலிருந்து 2025 வரை 8.2 சதவீத வட்டி தந்தார்கள். அந்த வட்டியில் 10 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 வரும்.

உறவுக்காரர்களிடம் "பணம் டெபாசிட்டில் முடங்கிவிட்டது" என்று சொல்லுங்கள். பொய்யாக இருக்க வேண்டாம், முதலில் போட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

எனக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

மனைவிக்கு, அல்லது வேலை பார்த்தவர் மனைவியானால் கணவருக்கு, உங்கள் பென்ஷனில் பாதி. அதோடு 25 வயதுக்கு உட்பட்ட இரண்டு பிள்ளைகள் வரை தனித் தொகை உண்டு. பிபிஓ எண் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும்.

"போதும்ப்பா, வீட்ல இருங்க" என்கிறார்கள் பிள்ளைகள். எனக்கோ காலை ஏழு மணிக்கே கால் பரபரக்கிறது.

பிள்ளைகள் அன்பில் சொல்கிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பென்ஷன் ஆணை வந்த வாரமே வீட்டில் ஒரு மாற்றம் நடக்கிறது. ரேஷன் கடை, பேரனின் ஸ்கூல் வேன், கேஸ் சிலிண்டர் எல்லாம் உங்கள் தலையில் வந்து விழும், "சும்மாதானே இருக்கீங்க" என்ற வார்த்தையோடு. முடிவுகள் மட்டும் உங்களைக் கேட்காமலே நடக்கும். இந்த இடத்தில்தான் பலருக்கு வயசாகிறது.

முதல் மாதத்திலேயே பேசிவிடுங்கள். எந்த நேரம் உங்களுடையது, எது வீட்டுக்கானது என்று. வேலைக்குப் போக விருப்பமா, போங்கள். இளைய தலைமுறைக்கு லேத் அளவு பார்க்கச் சொல்லித்தர எத்தனையோ சின்னப் பட்டறைகளில் ஆள் தேடுகிறார்கள். பென்ஷன் நிற்காது.

அறுபதுக்குத் திருக்கடையூரில் மணிவிழா செய்யலாம் என்கிறார்கள். மாலையைப் போட்டு என்னைக் கிழவனாக்கிவிடுவார்களோ என்று தயக்கம்.

திருக்கடையூர்த் தலபுராணத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எமனிடமிருந்து மார்க்கண்டேயனைச் சிவபெருமான் காத்து, என்றும் பதினாறாக இருக்க வரம் தந்த தலம் அது. அறுபது தமிழ் வருடமும் சுற்றி, பிறந்த வருடத்தின் பெயரே திரும்பி வரும்போது அங்கே போய் மறுபடி தாலி கட்டுகிறோம். நம் முன்னோர் அறுபதை முடிவாகப் பார்த்திருந்தால் அன்றைக்கு ஒரு கல்யாணத்தை வைத்திருப்பார்களா? செலவைச் சிக்கனமாக வைத்துக்கொண்டு தாராளமாகச் செய்யுங்கள்.

பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து "உக்காருங்க தாத்தா" என்றாள். அன்று முழுக்க மனசு சரியில்லை.

முழங்கால் வலித்தால் உட்காருங்கள், வலிக்காவிட்டால் "பரவால்லம்மா, நீ உக்காரு" என்று சொல்லுங்கள். அந்தப் பெண் பார்த்தது நரைத்த தலையை. அவள் வளர்ந்த வீட்டில் மரியாதை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அதற்காகவாவது சிரியுங்கள்.

"பென்ஷன் நின்றுவிடும், ஓடிபி சொல்லுங்கள்" என்று போன் வருகிறது. நிஜமா?

இல்லை. பிஎஃப் அலுவலகம் போனில் ஓடிபி, ஆதார் எண், யூஏஎன் எதையும் கேட்காது. புதிதாக ஓய்வு பெற்றவர்களைக் குறிவைத்தே இந்த அழைப்புகள் வருகின்றன. வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

விண்ணப்பித்தும் பென்ஷன் வரவில்லை. யாரிடம் கேட்பது?

பிஎஃப் அமைப்பின் குறைதீர் இணையதளத்தில் புகார் பதிந்து எண்ணைக் குறித்து வையுங்கள். அசையவில்லை என்றால், ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் பிஎஃப் அலுவலர்கள் நேரில் குறை கேட்கும் முகாம் நடக்கிறது. ஆதார், வங்கிப் பாஸ்புக், கம்பெனி கொடுத்த விடுவிப்புக் கடிதம், புகார் எண் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள். அசலைக் கையில் வைத்துக்கொண்டு நகலை மட்டும் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புதல் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.